ஏட்டின் ஓரம் யாருக்குச் சொந்தம்?

ஓலை ஏட்டைக் கையில் எடுப்பவரின் விரல் முதலில் படுவது அதன் இடது ஓரத்தில். எழுத்தாணி ஓடாமல் கட்டைவிரல் அகலத்துக்கு விடப்பட்ட இடம் அது. பெரும்பாலும் அங்கே ஓர் எண் இருக்கும். ௱௨௰௩ என்று இருந்தால் அது 123ஆவது ஏடு. சில ஏடுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் நூற்பகுதியின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் ஒரு சுழி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல், இல்லையென்றால் வெறும் கோடு. நூலைப் பாடிய புலவருக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரதி எழுதியவரும் படித்தவரும் பாடம் சொன்னவரும் கட்டைப் பிரித்து அடுக்கி வைத்தவரும் தங்கள் தேவைக்கு இட்டுக்கொண்டவை அவை.

தமிழ் நூல்களின் வரலாற்றை எழுதியவர்கள் நடுவில் இருக்கும் எழுத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஓரத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்த ஓரத்தைத் தேடிப் போவதற்கு மேல்சித்தாமூர் பொருத்தமான ஊர்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்த் திகம்பரச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் உள்ளது. மடத்தின் தலைவர்கள் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப் பெயரை வழிவழியாக ஏற்று வருகிறார்கள். காஞ்சியிலிருந்து மடம் இங்கே பெயர்ந்து வந்தது என்பது மரபுவழிச் செய்தி. பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். அதைவிடப் பழையது மல்லிநாதர் கோயில். அங்கே பாறையில் செதுக்கிய பார்சுவநாதர், பாகுபலி, தருமதேவி உருவங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த மடத்தில் ஓலைச் சுவடிகளும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

சுற்று வட்டாரமே எழுத்தோடு பழகிய நிலம். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாக இருக்கின்றன. அதே குன்றில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிய காலத்துக்கு அது முக்கியமான சான்று. கல்லில் வெட்டியவர்களுக்கு ஓரம் என்ற ஒன்று தேவைப்படவில்லை. பாறை எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவில் எழுதினார்கள். ஓரம் பிறந்தது ஓலையில்தான், அதுவும் ஓலையின் பலவீனத்தால்.

பனையோலை நீளமாக இருக்கும், உயரம் மட்டும் இரண்டு மூன்று விரல்தான். அதில் ஐந்து முதல் எட்டு வரி வரை நெருக்கி எழுதுவார்கள். ஏடுகளைக் கோர்ப்பதற்குத் துளைகள் உண்டு. ஒரு துளையில் நாராசம் என்ற கம்பி. இன்னொன்றில் கயிறு. கயிற்றின் நுனி உருவிக்கொள்ளாமல் இருக்கக் கிளிமூக்கு என்ற ஓலைத் துண்டு. மேலும் கீழும் மரச்சட்டம். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால், இருநூறு முந்நூறு ஏடுகளை மறுபடியும் வரிசைப்படுத்தக் கையில் இருப்பது இடது ஓரத்து எண் ஒன்றுதான். அதற்காகவே அந்த இடம் விடப்பட்டது. ஆனால் ஓலையில் முதலில் உதிர்வதும் ஓரம்தான். பூச்சி அங்கிருந்துதான் உள்ளே போகும். கை பட்டுப் பட்டுத் தேய்வதும் அங்கேதான். ஓரம் போன ஏட்டுக்கட்டில் நூலின் எழுத்து முழுவதும் இருந்தும் அது எந்த வரிசையில் வரவேண்டும் என்பது தெரியாமல் போகும். சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இதுதான்.

எண் மட்டும் போதாது என்பதை ஏட்டில் எழுதியிருந்த முறையைப் பார்த்தால் புரியும். செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் ஏட்டில் இல்லை. பாட்டும் உரையும் அடுத்த பாட்டும் இடைவெளியில்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு பாட்டு முடிந்ததற்கு அடையாளம் சிறு கோடுகளும் நடுவில் ஒரு தமிழ் எண்ணும்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சீவக சிந்தாமணியை எடுத்துக்கொண்டால் இலம்பகம் எனப்படும் 13 பகுதிகள், 3145 பாட்டுகள், கூடவே நச்சினார்க்கினியர் உரை. அப்படிப்பட்ட கட்டில் விமலையார் இலம்பகம் எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறவர், ஓரத்தில் இலம்பகப் பெயர் குறித்து வைத்திருந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் முதலிலிருந்து படித்துக்கொண்டே வரவேண்டியதுதான்.

ஆகவே ஓரத்துக் குறி ஒரு கருவி. அது நூலுக்குள் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை, ஒரு வரியையும் தள்ளி வைப்பதில்லை. நூலைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறது. இந்த ஏற்பாட்டின் அருமை அதில்தான் இருக்கிறது.

பிழை திருத்தும் குறிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. மையால் எழுதியிருந்தால் நனைத்துத் துடைக்கலாம், ஓலையில் அது நடக்காது. தவறான எழுத்தின் மேல் கோடு கீறலாம், அல்லது எழுத்தையே சிதைக்கலாம். விட்டுப்போன எழுத்துக்கு ஒரு சிறு கூட்டல் குறி. எந்த இடத்தில் எழுத்து விட்டுப்போனதோ அந்த இடத்தில் வரிக்குக் கீழேயோ மேலேயோ இரண்டு மெல்லிய கீறல் குறுக்காகப் போட்டு, விடுபட்டதை வரிகளுக்கு இடையிலோ ஓரத்திலோ பொடியாக எழுதுவார்கள். வடமொழியில் இதற்குக் காகபாதம், ஹம்ஸபாதம் என்று பெயர்கள் உண்டு. பிரதி எழுதியவர் மறுபடியும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்பதற்கு நல்ல சாட்சி இந்தக் குறிதான். குறியே இல்லாத ஏடு பிழையில்லாத ஏடு என்று எண்ணிவிடக் கூடாது. பல சமயம் அது ஒப்பிடப்படாத ஏடு.

எழுதி முடித்தபின் மை தடவுவார்கள். மஞ்சள், வசம்பு, கரி, இலைச் சாறு என்று கலவை ஊருக்கு ஊர் மாறும். ஓலை முழுவதும் பூசித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். மை தடவுவதற்கு முன் இட்ட குறியும் பின்னால் இட்ட குறியும் இங்கே வேறுபட்டு நிற்கின்றன. முன்னால் இட்டது கறுப்பாக இருக்கும். பின்னால் வந்த வாசகர் கீறியது, மறுபடி மை படாவிட்டால், வெளிறிக் கிடக்கும். சாய்வான வெளிச்சத்தில் ஏட்டைச் சற்றுத் திருப்பினால்தான் கண்ணுக்குப் படும். ஒரே ஏட்டின் ஓரத்தில் இரண்டு தலைமுறை அடுத்தடுத்து இருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் குறிகளை வளர்த்தெடுத்ததில் சமணர்களுக்குத் தனி இடம் உண்டு. நூலைப் பிரதி செய்து கொடுப்பது சாத்திர தானம், அதாவது அறம். 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே, பொன்னன் என்ற கவிஞரின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி எழுதச் செய்து வழங்கியது புகழ்பெற்ற செய்தி. திகம்பரர்கள் சுருதபஞ்சமி நாளில் நூல்களையே வழிபடுகிறார்கள். ஏடுகளை எடுத்துத் தூசி தட்டிப் பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் சமயமே ஏற்படுத்திக் கொடுத்திருந்தது. பிரதி எழுதுவது புண்ணியம் என்றால் பிழையாக எழுதுவது பாவம் என்ற எண்ணமும் கூடவே வரும். ஏட்டின் முடிவில் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர் எல்லாம் குறித்து, பிழையிருந்தால் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழ் ஏடுகளில் பரவலாக உண்டு. அந்த வேண்டுகோளுக்கு அடுத்த வாசகர் கொடுத்த பதில்தான் ஓரத்துக் குறி.

குஜராத்தில் இந்தக் கலை வேறொரு உயரத்துக்குப் போயிற்று. பாட்டன், ஜெய்சல்மேர் சுவடிக் கூடங்களை ஒழுங்குபடுத்திய முனி புண்ணியவிஜயர், 1930களில் சமணர்களின் எழுத்துக்கலை பற்றி குஜராத்தியில் எழுதிய நூலில் திருத்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். விடுபட்ட பாடத்துக்கு ஒரு குறி, சொற்களைப் பிரித்துக் காட்ட ஒரு குறி, நெடில் விடுபட்டதற்கு ஒரு குறி. சொல்லின் மேல் பொடியாக எண்கள் போட்டு அது எந்த வேற்றுமை, ஒருமையா பன்மையா என்பதைக்கூட மாணவனுக்குக் காட்டியிருக்கிறார்கள். காகிதமும் மையும் இருந்ததால் அங்கே அவ்வளவு நுணுக்கம் முடிந்தது. தமிழ்நாட்டு ஏடுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும். புண்ணியவிஜயரைப் போல வருடக்கணக்காக ஏடுகளோடு உட்கார்ந்து குறிகளை மட்டும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைத் தேடிப் புறப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததிலிருந்து அது தொடங்கியது. 1887இல் நூல் வெளிவந்தது. இடையில் நடந்த ஒன்று இங்கே முக்கியம். சிந்தாமணியைத் தமிழ்ப் புலவர்களே அதிகம் படிக்காத காலத்தில், கும்பகோணத்துச் சமண வீடுகளில் அது பாராயண நூலாக இருந்தது. மாதக்கணக்கில் படித்து முடித்து, பூர்த்தியைக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலானவர்களிடம் ஐயரவர்கள் ஐயம் தீர்த்துக்கொண்டதை தம் தன்வரலாறான என் சரித்திரத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்தச் சமண நண்பர்களில் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். இன்று அணையால் அறியப்படும் அந்த வீடூர், மேல்சித்தாமூர் இருக்கும் அதே திண்டிவனத்து வட்டாரம். எழுத்து ஏட்டில் இருந்தது. அதைப் படிக்கத் தேவையான திறவுகோல் இந்த மனிதர்களிடம் இருந்தது. ஓரத்துக் குறிக்கும் அதே நிலைதான். இந்தச் சுழி எதற்கு என்று சொல்ல, அதைப் போட்ட மரபில் வந்த ஒருவர் வேண்டும்.

அச்சு வந்ததும் ஓரம் இடம் பெயர்ந்தது. ஐயரவர்களின் பதிப்புகளில் பாட வேறுபாடுகள் பக்கத்தின் அடிக்கு இறங்கின. பிரதிபேதம் என்பது பி-ம் என்று சுருங்கி அடிக்குறிப்பில் உட்கார்ந்தது. உடுக்குறியும் குத்துவாள் குறியும் தமிழ்ப் பக்கங்களில் நுழைந்தன. அவற்றுக்கும் நெடிய பரம்பரை உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அரிஸ்டார்க்கஸ், ஹோமரின் காவியத்தில் தமக்கு ஐயமான அடிகளை வெட்டாமல் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இட்டார். பிற இடங்களுக்கு உடுக்குறியும் அம்புத்தலை போன்ற குறியும் வைத்தார். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலியட் சுவடி ஒன்று வெனிஸ் நகரில் இருக்கிறது. அதன் ஓரங்களில் அந்தக் குறிகளை இன்றும் பார்க்கலாம். அடியை நீக்கிவிடுவது அவருக்கு எளிது. நீக்காமல் ஓரத்தில் சந்தேகத்தைப் பதிந்து வைத்ததால்தான் அடியும் பிழைத்தது, அவருடைய கருத்தும் பிழைத்தது.

அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்பு பெரிய ஆதாயம்தான். ஆனால் ஓர் உரிமை கைமாறிவிட்டது. ஏட்டில் குறி போட்டது கையில் வைத்திருந்த எவரும். அச்சில் குறி போடுவது பதிப்பாசிரியர் ஒருவர், அதுவும் ஒரே ஒரு முறை, ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுபோல. வாசகர் பென்சிலால் கோடு போட்டால் நூலகத்தில் அது குற்றம். அச்சுக்கூடத்தில் மட்டும் பழைய பழக்கம் தொடர்ந்தது. மெய்ப்புத் திருத்துபவர் வரியில் ஒரு சின்ன கூம்பு போட்டு, விடுபட்ட எழுத்தை ஓரத்தில் எழுதுவார். நீக்க வேண்டியதற்குச் சுழித்த ஒரு குறி. ஏட்டுக்காரரின் கூட்டல் குறி செய்த அதே வேலை. அச்சு முடிந்ததும் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போயின.

கணினித் திரையில் எழுதத் தொடங்கியபோது ஆரம்பத்தில் ஓரமே கிடையாது. எழுதவும் மாற்றவும் பயன்படும் ஆரம்பகாலத் திருத்தி மென்பொருள்களில் 80 எழுத்து அகலம் முழுவதும் எழுத்துக்கே. கணினிக்கு நிரல் எழுதுபவர்களுக்கோ ஏட்டுக்காரர்களின் தேவைகள் எல்லாம் இருந்தன. ஆயிரக்கணக்கான வரிகள், ஒரே ஓட்டம், எங்கே பிழை, எந்த வரி புதிதாகச் சேர்ந்தது, எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அந்தக் குறியை வரிக்குள் போட முடியாது, போட்டால் நிரல் கெட்டுவிடும். எழுத்தைத் தொடாமல் எழுத்தைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆக, இடது பக்கம் ஒரு பட்டை விட்டார்கள். 1997இல் வந்த விசுவல் பேசிக் 5 என்ற நிரலாக்க மென்பொருளில் சாம்பல் நிறப் பட்டை இருந்தது. அதில் சொடுக்கினால் ஒரு சிவப்பு வட்டம் விழும். ஓடும் நிரல் அந்த வரியில் நின்றுவிடும். 2001இல் வந்த விம் 6, ஈமேக்ஸ் 21 என்ற இரண்டு திருத்திகளும் ஓரக் குறிகளைக் கொண்டுவந்தன. ஈமேக்ஸில் வளைந்த அம்பு என்றால் வரி அடுத்த வரியில் தொடர்கிறது. முக்கோணம் என்றால் நிரல் இப்போது அங்கே நிற்கிறது.

இந்த இரண்டிலும் குறியை மாற்றிக்கொள்ளும் உரிமை பயனருக்கே கொடுக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். விம் திருத்தியில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு எழுத்து அகலம் இடம். அதில் எந்த எழுத்தையும் வைக்கலாம், நிறத்தையும் சொல்லலாம். மேற்படி என்பதற்கான ௸ குறியைக்கூட வைக்கலாம். ஆனால் தமிழ் எழுத்துரு அதை அகலமாக வரைந்தால் பக்கத்து எழுத்தோடு இடித்துக்கொள்ளும். ஈமேக்ஸ் வேறு வழியில் போயிற்று. 2007இல் வெளிவந்த 22ஆம் பதிப்பிலிருந்து பயனர் தம் குறியைப் புள்ளி புள்ளியாகத் தாமே வரையலாம். ஓரப் பட்டையின் வழக்கமான அகலம் 8 புள்ளிகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கொடுத்தால் போதும். அந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 1 வரும் இடமெல்லாம் நிறம் பெறும், 0 வரும் இடம் வெறுமையாக இருக்கும்.

ஏட்டுக்காரரின் கூட்டல் குறியை இப்படி வரைந்து பார்க்கலாம். எட்டு எண்கள்: 0, 24, 24, 126, 126, 24, 24, 0. 24 என்பது இரும முறையில் 00011000, நடுவில் இரண்டு புள்ளி. 126 என்பது 01111110, இரு முனையும் விட்டுக் குறுக்கே ஆறு புள்ளி. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஓலையில் கீறிய அதே குறி திரையின் ஓரத்தில் நிற்கும். பிறகு ஈமேக்ஸிடம் ஒரு கட்டளை: இந்த வகை வரிக்கு இந்தக் குறி, இந்த நிறத்தில். பிழை சுட்டும் கருவியான ஃப்ளைமேக் இயல்பாகப் பிழைக்கு இரட்டை ஆச்சரியக்குறியும் எச்சரிக்கைக்கு ஒற்றை ஆச்சரியக்குறியும் காட்டும். அந்த இடத்தில் கூட்டல் குறியை வைத்துக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாதவர்களுக்குச் சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் ஒன்றுதான். அவர்களுக்கு வடிவத்தில் வேறுபாடு வேண்டும். இன்றைய நுண்திரைகளில் 8 புள்ளி என்பது கடுகளவு. வயதான கண்களுக்கு அது தெரியாது, 16 புள்ளி அகலத்தில் வரைந்துகொண்டால் தெரியும். ஏட்டில் ஒரே நிறம்தான் என்பதால் அங்கே எல்லாக் குறியும் வடிவத்தாலேயே வேறுபட்டன. அந்தக் கட்டுப்பாட்டில் பழகிய குறிகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. கூட்டல், கோடு, சுழி, இரட்டைக் கோடு நான்கையும் எவ்வளவு சிறிதாக வரைந்தாலும் ஒன்றை மற்றொன்றாக மயங்க வாய்ப்பில்லை.

விழுப்புரத்தில் விக்ளக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. விம், ஈமேக்ஸ் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள்தான். மேல்சித்தாமூர் இருக்கும் அதே மாவட்டத்தில், திருத்தியின் உள்ளே கைவைக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

கணினியில் தமிழ்க் குறிகளுக்கு இடம் கிடைத்ததும் அண்மைக்கால வரலாறு. கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் புழங்கிய ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண் ஆகிய எட்டும் 2003இல், கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடின் 4.0 பதிப்பில் சேர்ந்தன. பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019 மார்ச்சில் வெளிவந்த 12.0இல் தனித் தொகுதியாக வந்தன. அந்தத் தொகுதியில் 51 குறிகள். கடைசியாக இருப்பது நூல் முடிந்ததைக் காட்டும் முற்றுக் குறி. சுவடிகளில் புலவர் எழுதாத, பிரதி எழுதியவர் மட்டுமே இட்ட ஒரு குறிக்கு உலகத் தரத்தில் எண் கிடைத்தது சாதாரணச் செய்தி அல்ல. ஸ்ரீரமண சர்மா போன்றவர்கள் சான்றுகளைத் திரட்டி முன்மொழிவு எழுதியதால் அது நடந்தது. சான்று இல்லாமல் எந்தக் குறியும் உள்ளே போகாது. ஓரத்துக் குறிகளுக்கு அந்தச் சான்றுத் திரட்டு இனிமேல்தான் நடக்க வேண்டும்.

தடை எங்கே இருக்கிறது என்பதைச் சுவடி அட்டவணைகளைப் புரட்டினால் தெரியும். 1869இல் தொடங்கிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் விளக்க அட்டவணைகள் மகத்தான உழைப்பு. காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும்வரை திரட்டிய தொகுப்பில் தமிழ்ப் பகுதி அங்கேதான் இருக்கிறது. தொண்டைமண்டலச் சமணர் பற்றிய செய்திகளும் அதில் உண்டு. அந்த அட்டவணைகள் ஏட்டின் எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த எழுத்து, நிலைமை எப்படி, தொடக்கம் எது, முடிவு எது என்று சொல்கின்றன. ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் கணக்கில் வரவில்லை. அட்டவணை தயாரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கறையான் தின்றுகொண்டிருந்த காலத்தில் நூலின் பெயரையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த அவசரம் முடிந்த பிறகும் அதே படிவத்தைத் தொடர்வதற்கு நியாயமில்லை.

மாற்றம் தொடங்கியிருக்கிறது. பாரிசின் எம்மானுவேல் பிரான்சிஸ், ஹாம்பர்க்கின் ஏவா வில்டன் இருவரும் 2019இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், நூலைச் சுற்றி இருப்பவற்றையே பொருளாக எடுத்துக்கொண்டது. பாயிரம், ஏட்டின் முடிவுக் குறிப்பு, வாழ்த்து, ஓரத் தலைப்பு என்று இதுவரை விளிம்பில் கிடந்தவை அங்கே நடுவுக்கு வந்தன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தவை. சமண ஏடுகளுக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். கிரந்தமும் தமிழும் கலந்து எழுதிய மணிப்பிரவாள நூல்கள் சமணரிடம் நிறைய. ஸ்ரீபுராணம் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு எழுத்து முறைகள் ஒரே ஏட்டில் ஓடும்போது படிப்பவருக்கு உதவி அதிகம் தேவை. ஓரத்துக் குறியைத் தேட அப்படிப்பட்ட ஏடுகளைவிட நல்ல இடம் இருக்காது.

செய்ய வேண்டிய வேலை சிக்கலானதும் இல்லை. ஏட்டைப் படம் எடுக்கும்போது நான்கு ஓரமும் படத்துக்குள் வரவேண்டும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரிவதற்காக ஓரத்தை வெட்டினால் இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாமே போய்விடும். மை ஏறாத கீறல்களுக்காகப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் அது எந்த ஏடு, எந்த வரி, கறுத்ததா வெளிறியதா என்று ஒரு பதிவு வேண்டும். ஏடு படிக்கத் தெரிந்த முதியவர்கள் மடத்திலும் சமண நயினார் குடும்பங்களிலும் இருந்தால், அவர்களிடம் ஒவ்வொரு குறியையும் காட்டி எதற்கு என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைக்க வேண்டும்.

பதிவு சேரச் சேர, குறிகளை 8 புள்ளி அகலத்திலும் 16 புள்ளி அகலத்திலும் வரைந்து கட்டற்ற உரிமத்தில் வெளியிடலாம். ஒரு குறிக்கு ஒரு பெயர், எந்த ஊர் ஏட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு, வரிசை வரிசையாக எண்கள், அவ்வளவுதான் கோப்பு. சுவடியைத் தட்டச்சு செய்து பதிப்பிப்பவர்களும் இப்போது இதே திருத்திகளில்தான் வேலை செய்கிறார்கள். மூல ஏட்டில் கூட்டல் குறி இருந்த வரிக்கு நேராக அவர்கள் திரையின் ஓரத்திலும் கூட்டல் குறியே நிற்கலாம். ஐயமான பாடத்துக்குக் கோடு, பகுதித் தொடக்கத்துக்குச் சுழி. தட்டச்சு செய்த நூலுக்குள் ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் இருக்கும். ஏட்டைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வரிக்கு நேராகவே தெரியும்.